கடலில் கால் நனைக்காத மாப்பிள்ளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், மேலே எங்கள் சாமி பேரில் ‘அய்யா துணை’ என்று எழுதுவேன், அதோடு வைத்துவிடுவேன். நடந்தது என் தொழிலில்தான் நடந்தது. ஆனால் விஷயம் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வயிற்றைப் பற்றியது. அதை நாலு பேர் வாசிக்க எழுதுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று ஒரு தயக்கம். இப்போது அந்தப் பெண்ணே, “எழுதுங்க மாமா, பேரை மட்டும் மாத்திருங்க” என்று சொல்லிவிட்டாள். பேர்களை மாற்றியிருக்கிறேன். மற்றது எதையும் மாற்றவில்லை. நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டூர் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் வாசித்தால் போதும்.

யாத்திரைக்காரன் தீவுக்காரன் ஆனது

எனக்கு இரணியல் பக்கம். முதலில் வேன் ஓட்டினேன். பிறகு சொந்தமாக யாத்திரை டூர் நடத்த ஆரம்பித்தேன். காசி, ராமேஸ்வரம், திருப்பதி, பழனி, குருவாயூர் என்று நம் ஜில்லாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகாத இடம் இல்லை. யாத்திரைத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: எங்கேயும் நிற்கக் கூடாது. விடியும் முன்னே குளி, கும்பிடு, இட்லி தின்னு, பஸ்ஸில் ஏறு. நின்றால் ஆட்கள் சண்டை போடத் தொடங்குவார்கள்.

அப்புறம் வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் லீவில் வந்து போனில் வீடியோ காட்ட ஆரம்பித்தார்கள். முகத்தில் கண்ணாடி, வாயில் ஒரு குழாய், குப்புறக் கிடந்து மிதக்கிறான், கீழே பவளப்பாறை, சுற்றிலும் கலர் கலராக மீன். அதுதான் ஸ்நார்க்கலிங். முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்கே போனால் அது ஸ்கூபா. “அண்ணாச்சி, நீங்க அந்தமான் போடமாட்டியளா?” என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்தது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, சென்னை மாறி, போர்ட் பிளேயரில் இறங்கி, அங்கிருந்து பெர்ரியில் ஹேவ்லாக் தீவு. ரூம், சாப்பாடு, ஸ்நார்க்கலிங் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் போட்டேன். காசியைவிட இது சுலபம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் நன்றாக அனுபவித்தேன்.

சும்மா இருக்கத் தெரியாதவர்கள்

நான் சொல்லப்போகிற குழு முழுவதும் ஒரே சொந்தக்காரர்கள். பாதிப் பேர் திருவட்டாறு, பாதிப் பேர் மார்த்தாண்டம். தலைவர் தங்கப்பன் அண்ணாச்சி, ரப்பர் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். அவர் மனைவி செல்லத்தாய் அக்கா. மகன் சுஜின் மஸ்கட்டில் வேலை, லீவில் வந்திருந்தான். மருமகள் ஆதிரா.

டூருக்குப் பணம் கட்டியது செல்லத்தாய் அக்காதான். விமான நிலையத்தில் வைத்தே என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னாள்.

“மேனேஜரே, பிள்ளைக்கு ரெண்டு தடவையும் கரு தங்கேல. டாக்டரு சொன்னாவ, மனசுக்கு ஓய்வு வேணும், ரெண்டுபேரையும் எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னு. ஜோசியரு சொன்னாரு, தண்ணி தாண்டிப் போயி, நம்ம கடல் இல்லாத வேற கடல்ல ரெண்டுபேரும் கைகோத்து முங்கணும்னு. ரெண்டுக்கும் சேத்து ஒரே டிக்கெட்டா எடுத்துட்டேன். அந்த முங்கல் மட்டும் நீரு பொறுப்பா நடத்தித் தந்திரணும்.”

“அதுக்கென்ன அக்கா, சுத்திலும் கடல்தானே” என்றேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆதிரா அப்போதே மூன்றாவது தடவையாக உண்டாகியிருந்தாள். அவளுக்கும் சுஜினுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கும் அன்றைக்குத் தெரியாது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

ஹேவ்லாக் போய்ச் சேர்ந்தோம். நல்ல தீவு. ரூமுக்கு முன்னால் தென்னை, தென்னைக்கு அடுத்தாற்போல் வெள்ளை மணல், அதற்கு அடுத்தாற்போல் கண்ணாடி மாதிரி கடல். அங்கே வருகிறவர்கள் தென்னைக்கு நடுவில் கட்டிய வலை ஊஞ்சலில் படுத்துக் கிடப்பார்கள், வேறு ஒன்றும் செய்யமாட்டார்கள். அந்தத் தீவின் பெருமையே அதுதான். ஆனால் அங்கே சூரியன் நம் ஊரைவிட வெகு சீக்கிரம் உதித்துவிடும். வெளிச்சத்தைப் பார்த்ததும் என் ஆட்கள் எழுந்து, குளித்து, விபூதி பூசி, பைகளின் ஜிப்பை இழுத்து மூடி, ரிசப்ஷன் படியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ரிசப்ஷன்காரன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

“மேனேஜரே, அடுத்தது எங்க?” என்றார் தங்கப்பன் அண்ணாச்சி.

“அடுத்தது ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இன்னைக்கு ரெஸ்ட்.”

“ரெஸ்டா? எங்க வீட்டுல இல்லாத கட்டிலா இங்க கெடக்கு? கட்டில்ல கெடக்கதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?”

“கடலைப் பாருங்க.”

“கடலு முட்டத்துல இல்லியா? கொளச்சல்ல இல்லியா? அங்க பஸ்ஸுல போயிட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்திரலாம்.”

ஊஞ்சலில் உட்கார ஒருவருக்கும் மனசில்லை. செல்லத்தாய் அக்கா ஊஞ்சல் கயிற்றில் ஈரத் துணியைக் காயப் போட்டாள். மார்த்தாண்டத்துக்காரர்கள் ரூம் வாசலைப் பெருக்கத் துடைப்பம் கேட்டார்கள். நான் அய்யாவை நினைத்துக்கொண்டு ஒரு சாயா குடிக்கப் போனேன்.

எச்சில் குழாய்

மறுநாள் ஸ்நார்க்கலிங் வகுப்பு. அங்கே நாங்கள் பேசிவைத்திருந்த டைவ் சென்டரில் சகாய ஷைனி என்று ஒரு பெண் இன்ஸ்ட்ரக்டர். கடியப்பட்டணத்துக்காரி. அவளைக் கேட்டு வாங்கியதே நான்தான். மற்ற இன்ஸ்ட்ரக்டர்கள் இந்தி பேசுவார்கள், நம் ஆட்களுக்கு மண்டையில் ஏறாது, நம் ஊர்ப் பிள்ளை என்றால் மனசுவிட்டுப் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டேன். இந்தத் தொழிலில் நான் போட்ட மோசமான கணக்கு அதுதான்.

ஷைனியைப் பார்த்ததும் செல்லத்தாய் அக்கா விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

“எந்த ஊரு பிள்ள நீ?”

“கடியப்பட்டணம்மா.”

“கடியப்பட்டணமா! எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வாற லூர்தம்மாவத் தெரியுமா உனக்கு?”

“எங்க சித்திதாம்மா அவங்க.”

“ஏட்டி ஆதிரா, கேட்டியா! நம்ம லூர்தம்மாவுக்க அக்கா மவளாம்!”

எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஆதிராவின் முகம் மட்டும் சுருங்கியது. நான் அதைக் கவனித்தேன், காரணம் தெரியவில்லை.

ஷைனி மாஸ்க்கை எடுத்துக் காட்டினாள். கண்ணாடியில் புகை படியாமல் இருக்க உள்ளே கொஞ்சம் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றாள். அவ்வளவுதான். மார்த்தாண்டத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“எச்சிலா? மூஞ்சியில மாட்டுற சாமானத்துலயா?”

“உங்க எச்சில்தானேம்மா.”

“அப்ப இந்தக் கொழாய்? இதுக்கு முன்ன எவன் வாயில கெடந்துச்சோ!”

மருந்துத் தண்ணீரில் கழுவியது என்று ஷைனி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. தங்கப்பன் அண்ணாச்சி தன் குழாயை வாங்கிக்கொண்டு நேராக ரூமுக்குப் போனார். அங்கே சாயா போட வைத்திருந்த கெட்டிலில் அதை முக்கிக் கொதிக்கவிட்டார்.

“நான் ரப்பர்ல பொழச்சவன் மேனேஜரே. ரப்பருக்கு எவ்வளவு சூடு ஆகும்னு என்கிட்டயா சொல்லுதீரு?”

குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கெட்டிலில் பிறகு போட்ட சாயா எல்லாம் டியூப் நாற்றம் அடித்தது. ஓட்டல்காரன் என்னிடம் சண்டைக்கு வந்தான்.

அதற்குப் பிறகுதான் ஷைனி முக்கியமான கேள்வியைக் கேட்டாள். எல்லோரையும் மணலில் உட்காரவைத்து, கை தட்டி, “ஆஸ்துமா, பிரஷர், ஹார்ட் ஆபரேஷன், யாருக்காவது உண்டா? யாராவது ப்ரெக்னன்ட்டா இருக்கியளா? வெக்கப்படாம சொல்லிருங்க” என்றாள்.

எல்லாத் தலையும் ஆதிரா பக்கம் திரும்பியது.

“இல்ல” என்றாள் ஆதிரா.

“இருந்தா நாங்க எதுக்கும்மா இங்க வாறோம்?” என்றாள் செல்லத்தாய் அக்கா. மனசில் விஷம் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண் மணலைப் பார்த்தபடியே இருந்தாள்.

தாடி

மீசையும் தாடியும் இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். மீசைக்கு வாஸ்லின் தடவிச் சமாளிக்கலாம். தாடிக்கு அது போதாது. சுஜின், ஆதிரா விஷயம் தெரியும் முன்பே, ஊரில் வைத்து ஸ்கூபாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தான். நல்ல அடர்த்தியான தாடி.

“ஷேவ் பண்ணிருங்கண்ணா, அஞ்சு நிமிஷ வேலை” என்றாள் ஷைனி.

“வேண்டாம். நான் டைவ் பண்ணல.”

“பணம் திரும்பக் கிடைக்காதுண்ணா.”

“பரவாயில்ல.”

தங்கப்பன் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று ரூமுக்குப் போனார். திரும்பி வந்தபோது மேலுதட்டில் ஒன்றும் இல்லை. அவர் மீசையை எடுத்து அவர் மனைவியே பார்த்தது கிடையாது.

“அட சவமே, இது யாரு?” என்று செல்லத்தாய் அக்கா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“சிரிக்காத. ஏலே சுஜின், நானே எடுத்துட்டேன். உனக்க தாடிக்கு என்ன கேடு?”

“விடுங்கப்பா.”

“விடுங்க, இப்ப எல்லாவனுக்கும் தாடிதான் பேஷன்” என்றாள் தாயார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கரையோரம் தண்ணீரில் நின்றார்கள். முழங்கால் ஆழம்தான், பெண்கள்கூடச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். சுஜின் மட்டும் செருப்பைக் கழற்றவில்லை. அலை ஏறி வரும்போதெல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி பின்னால் ஓடினான். மஸ்கட்டில் கடற்கரையில் இருக்கிறவன், ஆற்றில் நீந்தி வளர்ந்தவன். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு பணம் கட்டிக் கடலுக்குப் பயப்படுகிறானே என்று.

பிறகு சட்டென்று புரிந்தது. தாடி எடுக்கமாட்டேன் என்கிறான். கடலில் கால் வைக்கமாட்டேன் என்கிறான்.

என் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். பெண்டாட்டி உண்டாகியிருந்தால் புருஷன் முடி எடுக்கக் கூடாது, கடலில் முங்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, பிணம் சுமக்கக் கூடாது. இது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வது. ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக் கடலில் ஊரே முங்கியது, நான் மட்டும் கரையில் துணிக்குக் காவல் நின்றேன். முன்காலத்தில் ஒருவன் தாடியோடு அலைந்தாலே, “என்ன, வீட்டுல விசேஷமா?” என்று கேட்பார்கள். இப்போது எல்லோரும் தாடி வைப்பதால் அந்த அடையாளம் போய்விட்டது. பெற்ற தாய்க்கே தெரியவில்லை.

சுஜினைத் தென்னைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

“மக்கா, உள்ளதைச் சொல்லு. ஆதிராவுக்கு எத்தனாவது மாசம்?”

அவன் சுற்றிலும் பார்த்தான். “யாரு மாமா சொன்னா?”

“உனக்க தாடிதான் சொல்லிச்சு.”

அவன் தென்னையில் சாய்ந்துகொண்டான். “எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாது மாமா. போன ரெண்டு தடவையும் நான் மஸ்கட்ல தினமும் ஷேவ் பண்ணிட்டுதான் இருந்தேன். இந்தத் தடவை ஒண்ணையும் விடாண்டாம்னு ஆதிரா கேட்டா. நான் என்ன சொல்லமுடியும்?”

“டாக்டரு என்ன சொன்னாவ?”

“பிளேன்ல போகலாம், பெரிய பெர்ரில போகலாம். ஸ்பீட் போட்டு கூடவே கூடாது, முங்கக் கூடாது, குலுங்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாவ.”

மறுநாள் காலை ஸ்நார்க்கலிங் கடற்கரைக்குப் போவதே ஸ்பீட் போட்டில்தான். அலைமேல் அலையாகத் தூக்கித் தூக்கி அடிக்கும்.

“இப்பமே போயி அம்மைட்ட சொல்லு.”

“முடியாது மாமா. போன தடவை அம்மா தெரிஞ்ச அன்னைக்கே லட்டு குடுத்து ஊருக்கெல்லாம் சொல்லிட்டா. அது கலைஞ்சு போனப்புறம் வாறவ போறவ எல்லாருக்கும் ஆதிராதான் பதில் சொன்னா. நான் அங்க, அவ இங்க தனியா. மூணு மாசம் தாண்டாம ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருக்கா. இந்தக் கூட்டம் பூரா சொந்தக்காரங்க. நீங்களும் சொல்லக் கூடாது.”

“சரி. அய்யா மேல சத்தியம்” என்றேன். சொல்லிவிட்டு என் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டது தெரிந்தது.

ஆதிராவும் வந்தாள். “அந்த இன்ஸ்ட்ரக்டர் பிள்ளைட்டயாவது காதுல சொல்லியிருக்கலாமே மக்கா” என்றேன்.

“வேற ஊருக்காரின்னா சொல்லியிருப்பேன் மாமா. சொல்லணும்னுதான் வந்தேன். லூர்தம்மா வீட்டுப் பிள்ளைட்ட சொன்னா, மீன்கூடைக்கு முன்னால சேதி எங்க வாசலுக்கு வந்திருமே.”

ஜெட்டி

மறுநாள் காலை படகுத்துறை ஜெட்டியில் எல்லோரும் ஆரஞ்சுக் கலர் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். நான் முடிந்த தந்திரமெல்லாம் செய்தேன்.

“அக்கா, போட்டுல ஒரு ஆளுக்கு எடம் பத்தாது. ஆதிரா ரூம்ல இருக்கட்டும்.”

“நான் எறங்கிக்கிடுதேன். பிள்ளைய ஏத்தும். அவளுக்காகத்தானே வந்ததே.”

“கடல் இன்னைக்குக் கொஞ்சம் மோசம்.”

“இதா மோசம்? ஆடி மாசத்துக் கொளச்சல் கடலைப் பாத்தவ நான். இது குளம்.”

ஆதிரா தலைவலி என்றாள். “முங்கினா போயிரும்” என்றாள் மாமியார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். சுஜின் பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஸ்கட்டில் பெரிய கூட்டத்தை வைத்து வேலை வாங்குகிறவன், அம்மையின் முன்னால் வாய் திறக்கவில்லை. எனக்கு அவனைப் பிடித்துக் கடலில் தள்ளலாம் போல இருந்தது. அதற்கும் வழியில்லை, அவன் நனையக் கூடாது.

மற்ற சொந்தக்காரர்கள் பத்துப் பேரும் முதலில் ஏறிவிட்டார்கள். “மேனேஜரே, போவமா? வெயில் ஏறுது!” என்று கூப்பாடு. செல்லத்தாய் அக்கா ஆதிராவின் கையைப் பிடித்துக்கொண்டு போட்டுப் பக்கம் நடந்தாள். ஆதிரா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு கால் போட்டின் விளிம்பில் வைத்துவிட்டாள்.

“நிறுத்துங்க” என்றேன். “போட்டு போகாது.”

“என்னவே சொல்லுதீரு?” என்றார் தங்கப்பன் அண்ணாச்சி, மீசை இல்லாத உதட்டோடு.

“இன்ஜின் சரியில்ல. போகாது.”

போட்டுக்காரன் விழித்தான். இன்ஜின் அதுவரைக்கும் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஷைனி என் முகத்தைப் பார்த்தாள், ஆதிராவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய் இன்ஜினை அணைத்து, “ஆமா, ஒருவாட்டி பாக்கணும்” என்றாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

பிறகு எனக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது. ஏமாற்றுக்காரன் என்றார்கள். ஊருக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். காசியில் குளிரில் உறைந்தபோதுகூட என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

செல்லத்தாய் அக்கா மட்டும் திட்டவில்லை. அவளுக்கு அவள் காரியம். “போட்டு போனாப் போகுது, போகாட்டி போகுது. எங்க முங்கினா என்ன, எல்லாம் ஒரே கடல்தானே? இந்தப் படியிலேயே ரெண்டுபேரும் எறங்குங்க” என்றாள்.

ஜெட்டியில் தண்ணீருக்குள் இறங்குகிற படி இருந்தது. பாசி பிடித்த படி. அவளே முதலில் இறங்கினாள். குனிந்து இரண்டு கையிலும் கடல்நீரை அள்ளினாள். கண்ணை மூடி ஆதிகேசவப் பெருமாளைக் கூப்பிட்டு, மகன் தலையில் விடக் கையைத் தூக்கினாள்.

சுஜின் பதறிப் பின்னால் துள்ளினான். “அம்மா, வேண்டாம்! என் மேல படக் கூடாது!”

அவள் தூக்கிய கை அப்படியே நின்றது. விரலுக்கு நடுவில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மகனின் காய்ந்த செருப்பைப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். அவளும் ஒருத்தனைப் பெற்றவள்தானே, அவள் புருஷனும் ஒரு காலத்தில் தாடியோடு இருந்தவர்தானே. மெதுவாகத் திரும்பி ஆதிராவைப் பார்த்தாள். கையில் இருந்த மிச்சத் தண்ணீரைக் கடலிலேயே விட்டாள்.

இப்போது கத்தப்போகிறாள், ஜெட்டி முழுவதும் கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் படியில் உட்கார்ந்தாள். தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குத் தலை கறங்குது” என்றாள் பெரிய சத்தமாக. “நேத்து ராத்திரி இந்த மேனேஜரு வாங்கித் தந்த மீனு. சவத்து மீனு! அப்பமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மருமவளுக்கும் அதுதான், காலையிலேயே தலைவலின்னா. நீங்க எல்லாரும் போட்டு ரெடியானதும் போங்க. அவ எனக்குத் துணைக்கு இங்க இருக்கட்டும். சுஜினு, நீயும் இரி. போங்க, போங்க, வெயில் ஏறுது.”

இன்ஜின் உடனே சரியாகிவிட்டது. பத்துப் பேரும் தங்கப்பன் அண்ணாச்சியும் மீனைப் பற்றி என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

பெஞ்சு

போட்டு மறைந்ததும் அவள் எழுந்தாள். தலைகறக்கம் ஒன்றும் இல்லை. நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள்.

“ஏட்டி, இங்க வா. கால் நீட்டி இரி.”

ஆதிரா உட்கார்ந்தாள். பக்கத்தில் இவள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எத்தனை மாசம் என்று கேட்கவில்லை, ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை. பையிலிருந்து நார்த்தங்காய் உப்பிலிட்டதை எடுத்து ஒரு துண்டு கிள்ளி அவள் கையில் வைத்தாள். ஆதிரா அதை வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். அவள் முதுகில் இவள் கையை வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

நான் சாயாக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“மேனேஜரே, நீரு ஒண்ணும் கேக்காதீரும். நானும் ஒண்ணும் சொல்லேல. ஊருக்குப் போனா ஏன் முங்கேலன்னு நூறு பேரு கேப்பாவ. நான் அந்த மீனைத்தான் சொல்லுவேன். உம்மைத்தான் சொல்லுவேன். பொறுத்துக்கிடணும்.”

“எத்தனை நாளைக்கு அக்கா?”

“அது பெருமாளுக்குத் தெரியும்.”

மிச்ச நாளெல்லாம் ஊஞ்சலில் காய்ந்த துணியை எடுத்துவிட்டு ஆதிராவைப் படுக்கவைத்தாள். பக்கத்தில் மணலில் தானும் உட்கார்ந்துகொண்டாள். விடியற்காலையில் பையோடு ரிசப்ஷனுக்குப் போவது நின்றது. தங்கப்பன் அண்ணாச்சி “அடுத்தது எங்க?” என்று வந்தால், “அடுத்தது ஒண்ணும் இல்ல, நீரும் இரியும்” என்று விரட்டினாள். நான் கூட்டிக்கொண்டு போனவர்களில் அந்தத் தீவில் உள்ளபடியே ஓய்வெடுத்தவர்கள் அந்த மாமியாரும் மருமகளும்தான்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். திருவட்டாறு தொடங்கி மார்த்தாண்டம் வரைக்கும் என் மீன் பேர் வாங்கியது. கெட்ட மீன் என்றார்கள், பிறகு செத்து நாறிய மீன் என்றார்கள், பிறகு தீவில் ஆஸ்பத்திரியில் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள் என்றார்கள். அடுத்த டூருக்குப் பேர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். என் வீட்டுக்காரி, “ஏன் வாயை மூடிட்டு இருக்கிய? இல்லன்னு சொன்னா என்ன?” என்று சண்டை போட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. அய்யா மேல் சத்தியம். ஞாயிற்றுக்கிழமை அய்யாவைக் கும்பிடுகிற நிழல்தாங்கலில் போய் நின்று, அந்தப் பிள்ளைக்குத் தங்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு வருவேன். என் பேரைப் பற்றி வேண்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

தங்கியது. பெண் குழந்தை. சுஜின் அன்றைக்குத்தான் தாடியை எடுத்தானாம், மஸ்கட்டில் இருந்து போட்டோ அனுப்பினான்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

அதற்குப் பிறகு என் டூரில் உடம்பு விஷயத்தைக் கூட்டத்தில் வைத்துக் கேட்க நான் விடுவதில்லை. ஒவ்வொருவரையும் தனியாக, வேறு ஆள் காது கேட்காத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். பெண்களிடம் பெண்தான் கேட்க வேண்டும். கேட்கிறவள் அவர்கள் ஊருக்குச் சம்பந்தம் இல்லாதவளாக இருந்தால் நல்லது. ஷைனியைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கே அவளுக்குப் புரிந்திருக்கிறது, ஆனாலும் லூர்தம்மாவுக்கு ஒரு வார்த்தை போகவில்லை. ஆள் தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு. அப்புறம், தாடி வைத்த மாப்பிள்ளை கடலைக் கண்டு ஓடினால் கேலி செய்யாதீர்கள். போட்டு ஏறுவதற்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

குழந்தைக்கு இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கயிறு கட்டுகிற இருபத்தெட்டுக் கட்டு அன்று என்னையும் என் வீட்டுக்காரியையும் அழைத்திருந்தார்கள். கறுப்புக் கயிறு கட்டி முடிந்ததும் செல்லத்தாய் அக்கா பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் எழுந்து நின்றாள். தீவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

“எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு மீனுல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத் தலையும் கறங்கேல. இந்தப் பிள்ளை அப்பமே வயித்துல இருந்துச்சு, அதுக்காக நான் சொன்ன பொய்யி. இந்த மனுசன் என் வாயில கெடந்து நாறினாரு, மறுத்து ஒரு வார்த்தை பறயேல” என்றாள்.

என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் பாயசத்தைக் குடித்து முடித்து, “அதெல்லாம் சரி சித்தி. ஆனாலும் அந்த மீனு கொஞ்சம் மோசந்தான்” என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்த மீன் கதைதான் ஓடுகிறது. உள்ளதை அவள் வாயாலேயே சொல்லிப் பார்த்தாயிற்று, ஒருவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதனால்தான் எழுத்தில் வைத்திருக்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்த நாலு பேருக்கு அப்படியே கொடுங்கள். ஆஸ்பத்திரியைச் சேர்க்காதீர்கள், குளுக்கோஸைச் சேர்க்காதீர்கள், என்னை நல்லவனாக்கவும் ஒரு வரி கூட்டாதீர்கள். அந்த மீன் அன்றைக்குச் சாயங்காலம் கரைக்கு வந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கியவன் நான். நானும் அதைத்தான் சாப்பிட்டேன்.